சிவப்பு இலைகள்

எங்கள் முற்றத்துப் பொயின்செட்டியா நவம்பரில் சிவக்கத் தொடங்கும். இரவு நீண்டால்தான் அதற்கு நிறம் வரும். தெருவிளக்கு படும் பக்கத்துக் கொப்புகள் டிசம்பரிலும் பச்சையாகவே நிற்கும். நாம் பூ என்று சொல்வது உண்மையில் இலை. நடுவில் மஞ்சளாக, குன்றிமணி அளவில் இருப்பவைதான் பூக்கள். மெக்சிகோச் செடிதான், ஆனாலும் பண்டாரவளைக் குளிர் அதற்குப் பிடித்துவிட்டது.

நத்தாருக்கு முதல்நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு ஒரு கட்டு கொடுப்பது உம்மாவின் வழக்கம். வெட்டியதும் பால் வடியும். தண்டின் நுனியைச் சுடுநீரில் சற்றுநேரம் பிடித்தால் பால் நின்றுவிடும், சில நாள் வாடாது. ஆன்ட்டி அதைச் சைப்பிரஸ் கொப்புகளோடு பாலன் குடிலைச் சுற்றிச் செருகுவார்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நத்தாரில், உம்மா கத்தரிக்கோலுடன் வெகுநேரம் செடியருகே நின்றார்.

"குடுத்தா என்ன நினைப்பாங்களோ, குடுக்காட்டி என்ன நினைப்பாங்களோ."

வாப்பா பதில் சொல்லவில்லை. நான் அப்போது சிறியவள். அந்த மௌனம் மட்டும் எனக்கு விளங்கியது.

மதிலுக்கு அப்பாலிருந்து ஆன்ட்டியின் குரல்தான் முதலில் வந்தது.

"என்ன, இந்த முறை பூ சிவக்கலையா? குடில் வெறுமையா கிடக்குது."

உம்மா வெட்டத் தொடங்கினார். கட்டு இரு கைகளிலும் அடங்கவில்லை. செடியில் தெருவிளக்குப் பக்கத்துப் பச்சைக் கொப்புகள் மட்டும் மிஞ்சின.