முப்பாவுன்னா முக்கால்!

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் காலேஜில் பி.எஸ்ஸி. சேர்ந்தால், 'என்ன மேஜர்?' என்று யாரும் கேட்க மாட்டார்கள். "அப்புறம் பி.எட்.தானே?" என்றுதான் கேட்பார்கள். கேட்கிறவருக்கு பி.எட். என்றால் என்னவென்று தெரிய வேண்டிய அவசியமில்லை. மாதச் சம்பளம், மே மாதம் லீவு, பெண் கொடுக்க யாரும் ரொம்ப யோசிக்க மாட்டார்கள். இது தெரிந்தால் போதாதா?

'எங்கள் பக்கம்' என்றால் திருவாலங்காடு. நடராஜர் ஊர்த்துவ தாண்டவம் ஆடிய இரத்தின சபை. காரைக்கால் அம்மையார், காலால் மிதிக்க அஞ்சித் தலையாலேயே நடந்து வந்த ஸ்தலம். (ஆசிரியர் தகுதித் தேர்வு எழுதியவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது.) பக்கத்து ஊரான திருத்தணியில் 1888-ல் பிறந்த ஒருவர் பெயரைச் சொல்லித்தான் 1962-லிருந்து தேசமே செப்டம்பர் 5-ல் ஆசிரியர்களுக்குப் பூங்கொத்து கொடுக்கிறது. அந்த ராதாகிருஷ்ணனே மாநிலக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, 1910-ல் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரிக்கு எல்.டி. பயிற்சிக்குப் போனார். தத்துவ மேதைக்கே சர்டிபிகேட் வேண்டியிருந்தது. நான் எம்மாத்திரம்?

2009-ல் சென்னையில் ஒரு அரசுக் கல்லூரியில் கணிதம் சேர்ந்தேன். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு சைக்கிள், அங்கிருந்து அரக்கோணம் லோக்கல். உட்கார இடம் கிடைத்தால் அன்று ராசி நல்ல ராசி. அந்த ரயிலில் ஒரு கோஷ்டி இருந்தது. எல்லோரும் பி.எட். முடித்துவிட்டு ஏதேதோ கம்பெனியில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்த அண்ணன்கள். கையில் கைடு, வாயில் பியாஜே, மடியில் டிபன் பாக்ஸ். 2012 ஜூலை 12-ல் தமிழ்நாட்டில் முதல் டெட் பரீட்சை நடந்தது. நூற்றைம்பது கேள்வி, தொண்ணூறு நிமிஷம். கேள்விக்கு முப்பத்தாறு விநாடி. ஆறு லட்சத்துக்கும் மேல் எழுதினார்கள். நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. அடுத்த வாரம் ரயிலில் ஒருத்தர் கையிலும் கைடு இல்லை. ஜன்னலோர சீட்டுக்குக்கூடச் சண்டை இல்லை. அந்த அக்டோபரிலேயே மறுதேர்வு வைத்து, நேரத்தை மூன்று மணி ஆக்கினார்கள் என்பது வேறு விஷயம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் எனக்கு வாத்தியார் ஆசை போகாததற்குக் காரணம், எங்கள் வீட்டுத் திண்ணை.

காலேஜ் இரண்டாம் வருஷத்தில் பாக்கெட் மணிக்காக ட்யூஷன் ஆரம்பித்தேன். ஏழெட்டுப் பசங்க. பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1-ம் தேதிதான் திருத்தணித் தாலுகாவே சென்னை மாகாணத்துக்கு வந்தது. அதுவரை ஆந்திராவின் சித்தூர் ஜில்லா. கோடு மாறினால் வீட்டுக்குள் பேசுகிற பாஷை மாறிவிடுமா? என் தாத்தா கடைசிவரை தெலுங்கில்தான் கையெழுத்துப் போட்டார், ரேஷன் கடையில் உள்பட.

ஏழாவது படிக்கிற ஒரு பையன். பின்னம் என்றாலே பின்னங்கால் பிடரியில் பட ஓடுவான். நாலில் மூணு பாகம் என்று வட்டம் போட்டேன், சதுரம் போட்டேன், தோசையைக்கூட வெட்டினேன். முழித்தான். கடையில் எண்ணெய் வாங்கப் போனால் என்ன கேட்பாய் என்றேன். "பாவு லிட்டர்" என்றான். அப்புறம் அவனாகவே கொஞ்சம் யோசித்து, "அண்ணா, முப்பாவுன்னா முக்காலா?" என்றான். ஆமாம்டா ராஜா! காலும் முக்காலும் அவனுக்கு ஏற்கெனவே தெரியும், வேறு பெயரில். அன்று அவன் பன்னிரண்டு கணக்குப் போட்டான். பத்து சரி. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

2012-ல் பி.எட். சேர்ந்தேன். அப்போது அது ஒரு வருஷப் படிப்பு. (2015-லிருந்து இரண்டு வருஷம்.) அங்கே 'மைக்ரோ டீச்சிங்' என்று ஒன்று. ஒரே ஒரு திறமையை எடுத்துக்கொண்டு ஐந்தாறு நிமிஷம் பாடம் நடத்த வேண்டும். எதிரே மாணவர்களாக உட்கார்ந்திருப்பது நம்ம கிளாஸ்மேட்டுகளே. முப்பத்தைந்து வயசு, ரெண்டு குழந்தைக்குத் தகப்பன், ஆறாங்கிளாஸ் பையன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சார், ஒண்ணுக்கு" என்பார். கண்காணிக்கும் லெக்சரர் சிரிக்காமல் மார்க் போடுவார்.

பாடக் குறிப்பு இருக்கிறதே, அது தனிக் கதை. ஹெர்பார்ட் என்று ஒரு ஜெர்மானியர். 1841-லேயே காலமாகிவிட்டார். அவருடைய சீடர்கள் வகுத்த படிகளைத்தான் நாங்கள் கலர் பேனாவில் கோடு போட்டு ரெக்கார்டில் எழுதினோம். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடல் என்று வரிசையாக. மழை நாளில் ஓடு ஒழுகும்போது ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவின் அறுபது பேரை எப்படி நகர்த்தி உட்கார வைப்பது என்று அந்தச் சீடர்கள் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் ஹெர்பார்ட்டை முழுசாகக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது. பையனுக்கு முன்னமே தெரிந்ததிலிருந்து ஆரம்பி என்கிறார் மனுஷர். திண்ணையில் எண்ணெய்க் கடையும் அதைத்தானே சொன்னது!

எங்கள் பேட்ச்சில் ஆறாங்கிளாஸ் பையனாக நடித்த அதே முப்பத்தைந்து வயசுக்காரர்தான் எங்களில் மிகச் சிறந்த வாத்தியார். அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். பயிற்சி வகுப்பில் அவர் பாடம் எடுத்தால், பக்கத்து வகுப்புப் பசங்க ஜன்னலில் தொங்குவார்கள். 2013 ஆகஸ்டில் ரெண்டு பேரும் டெட் எழுதினோம். அவர் 99. நான் 94. ரெண்டு பேரும் பாஸ். ரெண்டு வீட்டிலும் பாயசம்.

2014-ல் வேலைக்கு ஆள் எடுத்தபோது 'வெயிட்டேஜ்' என்று ஒரு கணக்கு. டெட்டுக்கு 60, டிகிரிக்கு 15, பி.எட்.டுக்கு 15, ப்ளஸ் டூவுக்கு 10. என் ப்ளஸ் டூ மார்க் தொண்ணூறு சதவிகிதத்துக்கு மேல். அண்ணன் ப்ளஸ் டூ படித்த காலத்தில் அறுபது வாங்கினாலே தெருவில் சாக்லேட் கொடுப்பார்கள். டிகிரியிலும் அதே கதை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் நான் மேலே, அவர் கீழே. எனக்கு ஆர்டர் வந்தது. பதினேழு வயசில் ஒரு மார்ச் மாதம் எழுதின பரீட்சை, முப்பத்தேழு வயசில் வந்து அவர் சட்டையைப் பிடித்தது. இது எந்தக் கணக்கில் நியாயம் என்று நான் பல தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். கணக்கு வாத்தியாராயிருந்தும் விடை வரவில்லை. ஆர்டரைக் காட்டப் போனபோது அண்ணன் கை குலுக்கி, "ஸார், முதல் நாள் புதுச் சட்டை போடாதீங்க, சாக்பீஸ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

2018-ல் அந்த வெயிட்டேஜை எடுத்துவிட்டார்கள். டெட் பாஸான பிறகு வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்றார்கள். பட்டதாரி ஆசிரியர்களுக்கு அந்தத் தேர்வு நடந்தது 2024 பிப்ரவரி 4-ம் தேதி. நடுவில் எத்தனை பேருக்குத் தலை நரைத்ததோ!

இப்போது அக்கா பையன் பி.எஸ்ஸி. கணிதம் இரண்டாம் வருஷம். அதே அரக்கோணம் லோக்கல். "மாமா, இப்பவே டெட் கைடு வாங்கிடட்டுமா?" என்று வந்து நின்றான். வாங்கு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் இவன் டிகிரி முடித்து, ரெண்டு வருஷ பி.எட். முடித்து வெளியே வருவதற்குள் என்னென்ன விதி இருக்கும், எது போகும் என்று அந்த வடாரண்யேஸ்வரருக்குத்தான் வெளிச்சம். இப்போதைய பி.எட்.டில் இருபது வாரம் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதற்கு மூன்றாம் வருஷம் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? சனிக்கிழமை காலையில் அண்ணன் நடத்தும் ட்யூஷனுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னேன். கைடு வேண்டாம், நோட்டும் வேண்டாம், சும்மா பார் என்றேன்.

போய்விட்டு வந்தான்.

"என்னடா பார்த்தே?"

"ஒரு மணி நேரத்துல அவர் போர்டுல நாலு வரிதான் மாமா எழுதினார்."

"மீதி நேரம்?"

"பசங்க எழுதினாங்க."

அடுத்த சனிக்கிழமையும் போகணுமாம். சைக்கிளுக்குக் காற்றடிக்கக் காசு கேட்கிறான்.