வெரி குட்

இங்கிலீஷே தெரியாது என்று சொல்லுகிற தமிழனுக்கும் இரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் தெரியும். ஒன்று 'குட்'. மற்றொன்று அதற்கு முன்னால் நிற்கும் 'வெரி'. பள்ளிக்கூடத்துக் குழந்தையின் நோட்டில் சிவப்பு மசியால் விழுகிற முதல் சன்மானம் அது. வெறும் 'குட்' போட்டால் குழந்தையின் முகம் வாடிவிடுகிறது. 'வெரி குட்' போட்டால்தான் வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் காட்டுகிறது. இப்போது அதுவும் போதாமல் 'வெரி வெரி குட்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஒட்டுகிறார்கள். நோட்டை அச்சடிக்க அச்சடிக்க ரூபாயின் மதிப்புக் குறைவது போலத்தான் இதுவும்.

இந்த 'வெரி' பிறந்த வீடு பெரிய வீடு. லத்தீனில் 'வெரஸ்' என்றால் உண்மை. அது பழைய பிரெஞ்சுக்குப் போய், அங்கிருந்து இங்கிலீஷுக்கு வந்தபோதும் 'மெய்யான' என்ற அர்த்தத்தோடுதான் வந்தது. 1611-ல் அச்சான இங்கிலீஷ் பைபிளில், கண் மங்கிப்போன ஈசாக்கு தன் முன்னால் வந்து நிற்பவனைத் தடவிப் பார்த்து, இவன் மெய்யாகவே ஏசாதானா என்று சோதிக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த 'மெய்'க்கு அங்கே நிற்கும் சொல் 'வெரி'தான். வந்து நிற்பவனோ வேஷம் போட்ட யாக்கோபு! மெய் என்ற சொல் பொய்க்கு முன்னால் நின்று ஏமாந்த அந்த நாளிலிருந்தே அதற்குக் கஷ்டகாலம் ஆரம்பித்துவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். 'தி வெரி மேன்' என்றால் இன்றும் 'அந்த மனிதனேதான்' என்று அர்த்தம். நம்முடைய தேற்றேகாரம் செய்கிற வேலையை அங்கே 'வெரி' செய்கிறது. மற்ற இடங்களிலெல்லாம் அது 'ரொம்ப' ஆகிவிட்டது.

உண்மையைக் குறிக்கும் சொற்களுக்கு எல்லாப் பாஷையிலும் இதுதான் கதி போலிருக்கிறது. 'ரியலி' போயிற்று, 'ட்ரூலி' போயிற்று. நாமும் 'நிஜமாகவே நன்றாயிருக்கிறது' என்கிறோம். இதற்கு முன் சொன்னதெல்லாம் நிஜமில்லையா என்று யாரும் கேட்பதில்லை.

உண்மை தீர்ந்துபோனால் பயத்தைக் கூப்பிடுவார்கள். 'ஆஃபுல்' என்றால் கைகால் நடுங்கும்படியான பிரமிப்பு. 'டெரிபிள்' என்றால் கிலி. இரண்டையும் பிடித்து வந்து, 'ஆஃபுலி நைஸ்', 'டெரிபிளி கைண்ட்' என்று தேநீர் விருந்துகளில் பரிமாறக் கொடுத்துவிட்டார்கள் வெள்ளைக்காரர்கள். ஜெர்மானியர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். அவர்கள் பாஷையில் சாதாரணமாக 'மிகவும்' என்பதற்கு வழங்கும் 'ஸேர்' என்ற சொல்லுக்கு ஆதியில் 'வலிக்க வலிக்க' என்று பொருள். இங்கிலீஷில் புண்ணைக் குறிக்கும் 'ஸோர்' அதன் உடன்பிறப்பு. இதற்காக நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 'உங்க வீட்டு ரசம் பயங்கரமா இருந்தது மாமி' என்று சொல்லிவிட்டு அடி வாங்காமல் வெளியே வருகிற பிள்ளைகள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

1754-ல் செஸ்டர்ஃபீல்டு பிரபு ஒரு வாரப் பத்திரிகையில் இதைப் பற்றிக் கேலி செய்து எழுதினார். அப்போது லண்டன் சீமாட்டிகளுக்குப் பிடித்த சொல் 'வாஸ்ட்லி'. அதாவது பிரம்மாண்டமாக. சந்தோஷமானாலும் 'வாஸ்ட்லி', வருத்தமானாலும் 'வாஸ்ட்லி'. ஒரு சீமாட்டி ஒரு குட்டிப் பொடி டப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அது பிரம்மாண்டமான அழகு, ஏனென்றால் அது பிரம்மாண்டமாகச் சின்னதாயிருக்கிறது என்றாளாம். ஜான்சனின் அகராதி வெளிவருவதற்கு முன் அதற்குக் கட்டியம் கூறி எழுதிய கட்டுரை அது. ஏழு வருஷம் உதவி செய்யாமல் இருந்துவிட்டு, கடைசியில் கட்டியம் கூற வந்த பிரபுவுக்கு ஜான்சன் எழுதிய பதில் கடிதம் பிரசித்தமானது. அது வேறு கதை.

நம்மவர்கள் இங்கிலீஷில் தடுக்கி விழுகிற இடம் 'வெரி' அல்ல, 'டூ'. இதற்கு நம் 'ரொம்ப'தான் காரணம் என்பது என் அபிப்பிராயம். 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் கொச்சை. பாத்திரம் நிரம்பினால் நல்லது, நிரம்பி வழிந்தால்? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். 'பையன் ரொம்பச் சமர்த்து' என்பதும் ரொம்பதான். 'ரொம்பப் பேசாதே' என்பதும் ரொம்பதான். குரலும் முகமும் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகின்றன. இங்கிலீஷ்காரன் அதற்கு இரண்டு தனித்தனிப் பாத்திரம் வைத்திருக்கிறான். 'வெரி' நிரம்பியது; 'டூ' வழிந்தது. 'காபி இஸ் டூ ஹாட்' என்றால், குடிக்க முடியவில்லை என்று புகார். 'யுவர் டாட்டர் இஸ் டூ இன்டெலிஜென்ட்' என்று நாம் வாயாரப் புகழ்ந்தால், கேட்கிற வெள்ளைக்காரர் மேலே என்ன வரப்போகிறதோ என்று காத்துக்கொண்டு நிற்பார். எதற்கு அந்தப் பெண்ணின் புத்தி அதிகமாய்ப் போயிற்று? கல்யாணத்துக்கா, உத்தியோகத்துக்கா? நாமோ புகழ்ந்தாயிற்று என்று நகர்ந்துவிடுவோம்.

ஆனால் 'யூ ஆர் டூ கைண்ட்' என்று அவர்களே சொல்லுகிறார்களே என்று கேட்கலாம். வாஸ்தவம். என் தகுதிக்கு மேற்பட்ட தயவு என்று அங்கே அர்த்தம்; வழிந்தது வழிந்ததுதான், பாத்திரம் மட்டும் என்னுடையது. உபசாரத்தில் எல்லாப் பாஷையும் கொஞ்சம் கோணும்.

வினைச்சொல்லோடு 'வெரி' தனியாகப் போகாது, 'மச்' என்ற துணையோடுதான் போகும் என்பதெல்லாம் பள்ளிக்கூட இலக்கணத்திலேயே இருக்கிறது. 'வெரி டயர்ட்' சரி, ஆனால் 'வெரி அட்மயர்ட்' சரியா, 'மச் அட்மயர்ட்' என்றுதான் சொல்ல வேண்டுமா என்று ஃபௌளர் 1926-ல் விஸ்தாரமாக விசாரணை நடத்தியிருக்கிறார். பொழுது போகாதவர்கள் படிக்கலாம்.

ஆபத்தான சொற்கள் வேறே. அவை கூட்டுகிற மாதிரி குறைக்கும்; குறைக்கிற மாதிரி கூட்டும். 'கொயிட்' அதில் முதல் ஆசாமி. 'கொயிட் ரைட்' என்றால் முழுக்க முழுக்கச் சரி. 'கொயிட் டெட்' என்றால் சந்தேகத்துக்கு இடமில்லாத சாவு. ஆனால் அதே வாயால் லண்டன்காரர் 'கொயிட் குட்' என்றால், 'ஏதோ பரவாயில்லை' என்று அர்த்தம். அமெரிக்கர் 'கொயிட் குட்' என்றாலோ, மெச்சிக்கொள்கிறார். சரி அல்லது தப்பு, செத்தது அல்லது பிழைத்தது என்று இரண்டே நிலை உள்ள குணத்தோடு சேர்ந்தால் 'முற்றிலும்'. ஏறி இறங்குகிற குணத்தோடு சேர்ந்தால், இங்கிலாந்தில், 'ஓரளவு'.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண் ஒருத்தி இங்கிலாந்தில் மேல்படிப்புக்கு மனுப் போட்டாள். அவளுடைய பேராசிரியர் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கையிலேயே கொடுத்திருந்தார். நல்ல மனிதர். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதில் மூன்று இடத்தில் 'கொயிட் குட்'. அவர் அதை முழுமனசோடு, அமெரிக்க அர்த்தத்தில்தான் எழுதியிருந்தார் என்பது மற்ற வரிகளைப் பார்த்தாலே தெரிந்தது. நான் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த மூன்றையும் 'வெரி' என்று மாற்றித் தரச் சொல்லேன், அம்மா."

"எப்படி மாமா கேட்கிறது? ஸார் ராத்திரி கண் முழித்து எழுதினாராம். 'நீங்க எழுதின இங்கிலீஷ் தப்பு'ன்னு நான் போய்ச் சொல்றதா?"

"தப்பில்லை. அந்த ஊரிலே வேறே மாதிரி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்."

அவள் சிறிது நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வேண்டாம் மாமா, இருக்கட்டும்" என்று மடித்து உறையில் போட்டுக்கொண்டாள். இடம் கிடைத்தது, உதவித்தொகை கிடைக்கவில்லை. தகப்பனார் ஊரில் இருந்த நிலத்தை விற்றார். அதற்கும் அந்த மூன்று சொற்களுக்கும் சம்பந்தம் இருந்ததா என்று யாரும் சொல்ல முடியாது. பேராசிரியருக்கு இன்றுவரை இந்தச் சமாசாரம் தெரியாது. அவள் சொல்லவும் மாட்டாள்.

இதைவிடப் பெரிய விலை கொடுத்தவர்கள் உண்டு. 1951 ஏப்ரலில் கொரியாவில், இம்ஜின் ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் குளோஸ்டர்ஷயர் பட்டாளத்தைச் சீனப் படை சூழ்ந்துகொண்டது. பிரிட்டிஷ் பிரிகேடியர் பிராடியிடம், மேலதிகாரியான அமெரிக்க ஜெனரல் நிலைமை எப்படி என்று விசாரித்தார். பிராடி, 'கொஞ்சம் பிசுக்காகத்தான் இருக்கிறது' என்ற தோரணையில் பதில் சொன்னாராம். 'எ பிட்' என்பதும் 'பிரிட்டி' என்பதும் அவர் உபயோகித்த அளவைச் சொற்கள். இன்னொரு பிரிட்டிஷ்காரர் கேட்டிருந்தால், 'ஐயோ, தலைக்குமேல் வெள்ளம்' என்று புரிந்துகொண்டிருப்பார். அமெரிக்கரோ, கொஞ்சம்தானே, சமாளித்துக்கொள்வார்கள் என்று எடுத்துக்கொண்டார் என்று சொல்லுகிறார்கள். பட்டாளத்தில் ஐந்நூறு பேருக்கு மேல் சிறைப்பட்டார்கள். தப்பி வந்தவர்கள் நாற்பது பேர் அளவில்தான். யுத்தத்தில் தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கும். இருந்தாலும், இரண்டு பேரும் பேசியது ஒரே பாஷை என்பதை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொரு விஷயம், சொற்களின் சகவாசம். இங்கிலீஷில் ஒவ்வொரு குணத்துக்கும் வாழ்க்கைப்பட்ட மிகைச்சொல் ஒன்று தனியாக உண்டு. இருட்டுக்குக் கீல்: 'பிட்ச் டார்க்'. செவிட்டுக்குக் கல்: 'ஸ்டோன் டெஃப்', நமக்கு டமாரச் செவிடு. புதுசுக்கு 'பிராண்ட் நியூ': உலையிலிருந்து அப்போதுதான் எடுத்த பொருள் என்று தாத்பரியம், நமக்குப் புத்தம் புதுசு. நிர்வாணத்துக்கு 'ஸ்டார்க்'. இது முதலில் 'ஸ்டார்ட்' என்று இருந்ததாம். 'ஸ்டார்ட்' என்றால் பழைய இங்கிலீஷில் வால். வால் வரைக்கும் துணியில்லை! 'ரெட்ஸ்டார்ட்' என்ற சிவப்பு வால் பறவையின் பெயரில் அந்த வால் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இவற்றை இலக்கணம் போட்டுக் கற்றுக்கொள்ள முடியாது. பச்சைக்குப் பசேல், வெள்ளைக்கு வெளேர், கறுப்புக்குக் கன்னங்கரேல் என்று நமக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

'கடைந்தெடுத்த அயோக்கியன்' என்போம். 'வடிகட்டின முட்டாள்' என்போம். கடைந்தால் வருவது வெண்ணெய்தான். ஆனாலும் 'கடைந்தெடுத்த நல்லவன்' என்று சொன்னால் காது ஏற்பதில்லை. இங்கிலீஷில் 'அட்டர்லி' அப்படிப்பட்ட சொல். 'அட்டர்லி' என்று ஆரம்பித்தாலே நாசம், வீண், அபத்தம் என்று ஏதாவது பின்னால் வருகிறது. பர்மிங்ஹாம் சர்வகலாசாலையில் சின்க்ளேர் என்பவர் கோடிக்கணக்கான இங்கிலீஷ்ச் சொற்களைக் கம்ப்யூட்டரில் திரட்டி, 1987-ல் ஓர் அகராதியே கொண்டுவந்தார். அந்தத் திரட்டைக் கொண்டு 1993-ல் லௌ என்ற ஆராய்ச்சியாளர் 'அட்டர்லி'யின் இந்தக் கெட்ட சகவாசத்தை எடுத்துக் காட்டினார். நம் பாட்டிமார்களுக்கு இதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருக்கவில்லை.

பண்டிதர்களின் கோபத்துக்கும் ஓர் அளவு வேண்டும். 'யூனிக்' என்றால் ஒன்றே ஒன்று. அதற்கு 'வெரி' போடலாமா என்று சண்டை போடுவார்கள். போடாமலிருப்பதுதான் அழகு. ஆனால் 1787-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தை எழுதியவர்கள், பூரணத்தையே இன்னும் பூரணமாக்குவோம் என்று முகவுரையில் எழுதிவைத்தார்கள். அந்தத் தேசம் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. 2013-ல் 'லிட்டரலி' பற்றி ஒரு ரகளை. 'எழுத்துக்கு எழுத்து உண்மையாக' என்ற அந்தச் சொல்லை வெறும் அழுத்தத்துக்குப் பயன்படுத்துவதையும் ஆக்ஸ்போர்டு அகராதி குறித்துவைத்துவிட்டது என்று பத்திரிகைகள் அலறின. டாம் சாயர் வேலிக்கு வெள்ளையடிக்க விட்டுச் சம்பாதித்த கோலிக்குண்டுகளையும் பட்டத்தையும் வர்ணிக்கும்போது, மார்க் ட்வைன் 1876-லேயே அப்படி எழுதியாயிற்று. அகராதிக்காரன் கணக்குப்பிள்ளை. வரவு வந்தால் எழுதத்தானே வேண்டும்?

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார். காம்போசிஷன் நோட்டில் 'வெரி' எங்கே வந்தாலும் வட்டம் போட்டு, ஓரத்தில் 'எவ்வளவு?' என்று எழுதிவிடுவார். நாங்கள் பதில் எழுதியாக வேண்டும். வெயில் 'வெரி ஹாட்' என்று எழுதிய பையன், அடுத்த நாள், தார் ரோட்டில் மாட்டின் குளம்பு பதிந்திருந்தது என்று எழுதிக்கொண்டு வந்தான். 'வெரி' தானாகப் போய்விட்டது. 1959-ல் இ. பி. ஒயிட் என்ற அமெரிக்க எழுத்தாளர், தம் ஆசிரியர் ஸ்ட்ரங்க் எழுதிய நடைநூலைத் திருத்தி வெளியிட்டபோது, 'வெரி', 'ராதர்', 'பிரிட்டி' போன்ற சொற்களை மற்றச் சொற்களின் ரத்தத்தை உறிஞ்சும் அட்டைகளுக்கு ஒப்பிட்டார். எங்கள் வாத்தியார் அந்தப் புஸ்தகத்தைப் பார்த்திருக்க நியாயமில்லை.

நாவல் எழுதுகிறவன் ஆசிரியர் கூற்றில் வாத்தியார் சொன்னபடி நடக்கலாம். நான் இரண்டாம் பிரதி எடுக்கும்போது 'மிகவும்' எல்லாவற்றையும் அடித்துவிடுகிறேன். ஒரு தாய் பிள்ளையைப் பறிகொடுத்த அத்தியாயத்தில் 'மிகவும் துக்கம்' என்று எழுதினால், துக்கத்துக்குத் தராசு பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் பாத்திரங்களின் வாயில் கை வைக்க மாட்டேன். கும்பகோணத்து அத்தை 'ரொம்ப' இல்லாமல் பேசினால் அவள் அத்தையே இல்லை. ஒயிட் சொன்ன அட்டைகள் கட்டுரையில் அட்டைகள். பேச்சில் அவைதான் நாடித்துடிப்பு.

மிகுதியைச் சொல்ல நம் பழைய இலக்கணக்காரர்கள் உரிச்சொற்கள் சிலவற்றைத் தனியாகவே வகுத்துவைத்தார்கள். நனி, தவ, சால என்று. 'நனி' மேடையில் மட்டும் உயிரோடிருக்கிறது, 'தவ' போய்விட்டது, 'சாலச் சிறந்தது' என்று எப்போதாவது ஒரு வாழ்த்துமடலில் 'சால' தலைகாட்டும். இங்கே ஓய்ந்துபோன அது, ஆந்திரத்தில் 'சாலா' என்று தெருவெல்லாம் ஓடித் திரிகிறது. அதே வேரிலிருந்து வந்த 'சாலு' என்றால் அவர்களுக்குப் 'போதும்'. விஜயவாடாவுக்குக் கல்யாணத்துக்குப் போன என் நண்பர் ஒருவர், பந்தியில் இரண்டு கைகளாலும் இலையை மறைத்துக்கொண்டு 'சாலா, சாலா' என்று கெஞ்சினார். பரிமாறியவர் முகமெல்லாம் மலர்ந்து, கையை விலக்கிவிட்டு, இன்னும் இரண்டு கரண்டி பப்பு விட்டுவிட்டுப் போனாராம்.