சத்தம் போட்டவருக்கே முதல் தவணை

எங்கள் ஊரில் கூலி சனிக்கிழமை சாயங்காலம் வரும். வெப்படையிலிருந்து பள்ளிபாளையம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே இருக்கிற கிராமம். வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார், நான் அதே கூடத்தில் தார் சுற்றுகிறேன். நூல் விலை ஏறித் தறி நிற்காத மாதமாக இருந்தால் இரண்டு பேர் கூலியும் சேர்ந்து இருபதாயிரம் வரும். இது கடனில் மூழ்கிய ஒரு குடும்பத்தின் கணக்கு. வெளியே சொல்லக் கூச்சமான கணக்குதான். ஆனால் இதே கணக்கு எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இருக்கிறது, எல்லோரும் அதை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்திருக்கிறோம் என்பதால் எழுதுகிறேன்.

ஆடம்பரத்துக்கு வாங்கியது ஒரு ரூபாய் இல்லை. கொரோனாவில் தறி நின்ற மாதங்கள், மாமியார் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, மகளின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ். இந்த மூன்றுக்கும் வாங்கினோம். அதற்குப் பிறகு வாங்கியதெல்லாம் வாங்கியதைக் கட்டுவதற்காக வாங்கியது. மாமியாருக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுக்க முடிந்திருந்தால் அந்த ஆஸ்பத்திரிச் செலவு அவ்வளவு வந்திருக்காது. ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்குள் இருக்கிற குடும்பங்களுக்குத்தான் அது என்பதால், இரண்டு பேர் சம்பாதிக்கிற எங்களைப் போன்ற வீடு அந்தக் கோட்டுக்கு மேலே நின்றுகொண்டிருக்கிறது. கோட்டுக்கு மேலே நிற்கிற இந்த வீடுகள்தான் தண்டல்காரரின் வாடிக்கையாளர்கள்.

வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஒருவர் வருவார். செவ்வாய்க்கிழமை ஒரு மைக்ரோ பைனான்ஸ் குழு, வியாழக்கிழமை இன்னொன்று. தெருமுனை வீட்டுத் திண்ணையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருத்தி பணம் கொண்டுவராவிட்டால் மற்ற ஒன்பது பேரும் எழுந்து வீட்டுக்குப் போக முடியாது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள், பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிவர வேண்டியவள், எல்லோரும் என் முகத்தையே பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்குப் பயந்து, தண்டல்காரரிடம் வாங்கி அங்கே கட்டினேன். தண்டல்காரர் சத்தமே போட மாட்டார். காலையில் வண்டியை நிறுத்தி, "அக்கா, கார்டு" என்பார், இருநூறு ரூபாயை வாங்கிக் குறித்துக்கொண்டு சிரித்தபடி போய்விடுவார். எங்களிடம் இருந்த கடன்களிலேயே அதிக வட்டி அவருடையதுதான். இருபதாயிரம் என்று எழுதிக்கொண்டு, மூவாயிரத்தைப் பிடித்துக்கொண்டு பதினேழாயிரம் கையில் தருவார். நாளைக்கு 200 வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். நூறு நாளில் மூவாயிரம்தானே என்று தோன்றும். நாள் தவறாமல் அசலும் சேர்ந்து குறைந்துகொண்டே வருவதால், ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. வட்டி விகிதத்தைப் பார்த்து நாங்கள் யாருக்கும் கட்டவில்லை. யார் முன்னால் தலைகுனிய நேருமோ அவருக்கு முதலில் கட்டினோம்.

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவின் ஊக்குநர் அக்காதான் நாங்கள் கடனில் மூழ்கியதை முதலில் கண்டுபிடித்தார். மைக்ரோ பைனான்ஸ் குழுவும் சுய உதவிக் குழுவும் ஒரே தெருவில், அதே பெண்களைக் கொண்டு நடக்கின்றன. ஆனால் சுய உதவிக் குழுவில் இருப்பது நாங்களே சேர்த்த பணம். 1989இல் பக்கத்துத் தருமபுரியில் தொடங்கி, அதன் பிறகு அன்றைய சேலம் மாவட்டத்துக்கு வந்த ஏற்பாடு அது. மூன்று மாதமாக நான் சந்தா கட்டாததைக் கேட்க வந்தவர், நான் அழுததும் உட்கார்ந்துவிட்டார்.

"மொத்தம் எவ்வளவுன்னு சேத்துப் பாத்தியா அம்மிணி?"

"இல்லீங்க்கா."

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

பாதி தெரியும். அவருக்குத் தெரிந்த பாதி எனக்குத் தெரியாது. அன்று இரவு இரண்டு பேரும் மகளின் பழைய நோட்டில் எழுதினோம். கூடத்துக்குச் சொந்தக்காரரான தறிக்காரரிடம் முன்பணமாக வாங்கிய பாக்கி 60,000. மூன்று மைக்ரோ பைனான்ஸில் மீதி 38,000, 24,000, 17,000. தண்டல் மீதி 14,000. நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்ற ஐந்து வட்டிக்கு வாங்கியது 50,000. இரண்டு பவுன் சங்கிலி அடகில் 40,000. என் அண்ணனிடம் கைமாத்து 30,000. கூட்டினால் 2 லட்சத்து 73 ஆயிரம்.

அந்தத் தொகையைவிட அடுத்த பக்கத்தில் எழுதியதுதான் எங்களை உலுக்கியது. மாதாமாதம் வெளியே போவது: மூன்று குழுவுக்கும் 6,600, தண்டலுக்கு 6,000, ஐந்து வட்டிக்கு 2,500, அடகு வட்டி 800, பாக்கிக்காகக் கூலியில் பிடிப்பது 1,200. ஆக 17,100. வருமானம் இருபதாயிரம். சோறு, வாடகை, மருந்து, பஸ் எல்லாவற்றுக்கும் 2,900 ரூபாய். ரேஷன் அரிசியும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரமும் இல்லையென்றால் அடுப்பே எரிந்திருக்காது. செலவைக் குறை, டீயைக் குறை என்று எங்களுக்குப் புத்தி சொன்னவர்கள் உண்டு. 2,900 ரூபாயில் எதைக் குறைப்பது?

அக்கா நோட்டைப் பார்த்துவிட்டுச் சங்கிலியைப் பற்றித்தான் கேட்டார். அடகு வைத்துச் சில வருடம் ஆகிவிட்டது. தங்கம் விலை அதற்குள் பெரிதாக ஏறியிருந்தது. அதே சங்கிலிக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் எண்பதாயிரம் கிடைக்கும், அதுவும் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டிக்கு. தனியார் அடகுக் கடையில் நாங்கள் கட்டியது இரண்டு ரூபாய். சங்கிலியை மீட்க முதலில் நாற்பதாயிரம் வேண்டும், அதைக் குழுவின் சேமிப்பிலிருந்து உள்கடனாகத் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். சங்கத்தில் வைத்த அன்றே அதைத் திருப்பிவிட்டோம். கையில் மிஞ்சிய நாற்பதாயிரத்தில் தண்டல் 14,000 அடைந்தது. ஐந்து வட்டிக் கடனில் 26,000 குறைந்து 24,000 ஆனது.

மொத்தக் கடன் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, அதே 2 லட்சத்து 73 ஆயிரம். ஆனால் மாதம் வெளியே போவது 17,100 இல்லை, 9,800. தண்டலின் ஆறாயிரம் நின்றது, ஐந்து வட்டி 1,200 ஆனது, அடகு வட்டி அதே எண்ணூறு. வீட்டில் முதல் முறையாகச் செவ்வாய்க்கிழமைக்குத் திங்கட்கிழமை கடன் வாங்காமல் இருந்தோம்.

வருமானத்தில் பாதிக்குள் தவணை அடங்கியது தற்செயல்தான். ஆனால் அந்தப் பாதி என்பது ரிசர்வ் வங்கியே போட்ட கோடு என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மைக்ரோ பைனான்ஸ் விதிகளின்படி, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கிற கடனில், அந்தக் குடும்பம் மாதம் கட்டும் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும். காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பிறகும் போன் போட்டுத் தொல்லை தரக் கூடாது. சொந்தக்காரரையோ கூட வேலை செய்பவரையோ தொந்தரவு செய்யக் கூடாது. வசூல் பொதுவாகப் பேசி வைத்த ஒரு இடத்தில்தான். அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. வாரமா மாதமா என்று தவணையை மாற்றிக் கேட்கவும் வழி இருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில் இரவு எட்டரை மணி வரை உட்கார்ந்திருந்த வசூல்காரத் தம்பிக்கு இந்த விதி தெரியுமோ என்னவோ. அவனும் யாரோ ஒரு மேலாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய பையன்தான். அடுத்த வாரம் நான் விதியைச் சொன்னதும் சத்தமில்லாமல் எழுந்து போனான்.

ஐந்து வட்டிக்காரர் அப்படிப் போகிறவர் இல்லை. எழுதாத புரோநோட்டிலும் வெற்றுச் செக்கிலும் கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். திருச்செங்கோடு நீதிமன்ற வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்குப் போனோம். கோர்ட் என்றாலே வீட்டுக்காரருக்கு நடுக்கம், மரத்தடியிலேயே நின்றுகொண்டார். நான் உள்ளே போனேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் உதவி உண்டு. அங்கிருந்த வக்கீல் அம்மா கேட்ட முதல் கேள்வி, "இதுவரைக்கும் வட்டியா எவ்வளவு கட்டியிருக்கீங்க?" மாதம் 2,500 வீதம் இரண்டு வருடம். அறுபதாயிரம். வாங்கியதே ஐம்பதாயிரம்தான்.

2003ஆம் ஆண்டு தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் என்று எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 வரை அபராதம். கடன்பட்டவர் பணத்தை நீதிமன்றத்தில் கட்டித் தன் பத்திரங்களைத் திரும்பக் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோதும் இந்தச் சட்டம் இருந்தது. இருந்தும் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்கும். கடன் வசூலில் மிரட்டுவதையும் பின்தொடர்வதையும் தண்டிக்க 2025இல் தமிழக சட்டமன்றம் இன்னொரு சட்டமும் கொண்டுவந்திருக்கிறது. சட்டத்தை ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னால்தான் அது நமக்குப் பயன்படுகிறது. சட்டப் பணிகள் குழுவிலிருந்து அழைப்புப் போனதும் ஐந்து வட்டிக்காரர் வந்தார். மீதி 24,000 அசல் மட்டும், வட்டி இல்லாமல், மாதம் 1,200 என்று எழுதிக் கையெழுத்தானது. இருபதாவது மாதம் புரோநோட்டும் செக்கும் திரும்ப வரும்.

தறிக்காரரிடம் வாங்கிய பாக்கியின் பிடி மட்டும் தளரவில்லை. பாக்கிக்கு வட்டி இல்லை, ஆனால் அதை அடைக்காமல் வேறு கூடத்துக்குப் போக முடியாது. கூலி கூடக் கொடுக்கிற கூடம் அடுத்த தெருவிலேயே இருந்தாலும் முடியாது. குமாரபாளையத்தில் வெகு நாள் தங்கி ஆராய்ந்த கீர்ட் டி நெவே என்ற மானுடவியலாளர், 1999இல் இந்தப் பாக்கியைப் பற்றியே ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார் என்று மகளின் கல்லூரி ஆசிரியை சொன்னார். அப்போது என் மாமனார் தறி ஓட்டிக்கொண்டிருந்தார், அவருக்கும் பாக்கி இருந்தது. முன்பணத்தைக் காட்டி ஒருவரை வேறு வேலைக்குப் போகவிடாமல் தடுப்பது 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொத்தடிமை முறை. தறிக்காரர் எங்களுக்குக் கெட்டவர் இல்லை, பிரசவத்துக்கும் சாவுக்கும் முதலில் காசு கொடுத்தவர் அவர்தான். ஆனாலும் அது சரியில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

2025 ஜூலையில் பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. டிவியில் பார்த்தவர்கள் அதிர்ச்சியாகப் பேசினார்கள். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. நோட்டில் 2,900 ரூபாய் மிஞ்சிய இரவில் புரோக்கர் யாராவது வந்து கதவைத் தட்டியிருந்தால் நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன், அவ்வளவுதான். விற்றவர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுகிறவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவுக்கு ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

இதைப் படிக்கிற யாரேனும் அந்த நிலையில் இருந்தால், அடுத்த கடன் வாங்கும் முன் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, உங்களுக்குக் கடன் கொடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள். சிபில் போன்ற நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகக் கடன் அறிக்கை தர வேண்டும், அதை வாங்கிப் பாருங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100. வங்கியோ பைனான்ஸோ உங்கள் புகாருக்கு 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரின் 14448. உயிரோடு இருந்து என்ன பயன் என்று மனம் போனால் 104, அல்லது 14416, எந்த நேரமும்.

மைக்ரோ பைனான்ஸ் குழுத் தலைவிகளுக்கும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தி பணம் இல்லாமல் வந்து நின்றால் அவளைத் திட்டாதீர்கள். கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போய், மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.