ஒரு ஹெரால்டும் இரண்டு மெக்கானிக்குகளும்

ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் உங்கள் கண்முன் என்ன வருகிறது? சினிமாவில் ஹீரோ வந்து இறங்கும் சிவப்பு வண்டிதானே? எனக்கு அப்படி இல்லை. தாம்பரம் பக்கத்தில் எங்க அப்பா வேலை பார்க்கும் ஷெட்டில், தகரக் கூரைக்கு அடியில் நிற்கும் ஒரு வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் வருகிறது. "இதுவா ஸ்போர்ட்ஸ் கார்?" என்று சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி இது. வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் நம்ம சென்னையை அடுத்த வண்டலூர் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு கம்பெனி இதைத் தயாரித்தது. இதே சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி 1962-ல் அங்கே செய்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம்ம ஹெரால்டு ஸ்பிட்ஃபயருக்கு அண்ணன்! இன்ஜின் என்னவோ 948 சி.சி.தான். ஆனால் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுக்க அப்படியே முன்னால் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம். எந்தப் புது வண்டியில் இந்த சௌகரியம் இருக்கிறது, சொல்லுங்கள்?

வண்டியின் சொந்தக்காரர் பேங்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சின்ன வயதில் சோழவரம் ரேஸுக்குப் போய் வெயிலில் நின்று பார்த்த ஆள். வீட்டில் இன்னொரு கார் இருக்கிறது. ஆனால் பேசுவதெல்லாம் இதைப் பற்றித்தான். இதைத் தொட அவர் அனுமதிக்கும் ஒரே மெக்கானிக் எங்க அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வயதில் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தவர். பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. கையெழுத்து மட்டும் போடுவார். அதையும் படம் வரைவது போலத்தான் போடுவார். எங்க வீட்டிலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆட்டோமொபைல் டிப்ளமோ கிடைத்த அன்று அப்பா ஷெட்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து எனக்குத் தலையில் லேசாகக் கொம்பு முளைத்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், மறைப்பானேன்?

போன வருஷ லீவில் ஹெரால்டைப் புதுப்பிக்கும் வேலை ஆரம்பித்தது. நான் போட்ட பட்டியலில் முதலில் இருந்தது ஸ்பிட்ஃபயரில் இருப்பது போல இரட்டைக் கார்ப்பரேட்டர்! அப்பா கேட்டுவிட்டு, "ஓட்டறது அப்புறம் இருக்கட்டும்டா. மொதல்ல நிறுத்தப் பாரு" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. பிறகு காலேஜ் லைப்ரரியில் சஸ்பென்ஷன் பாடத்தைப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஹெரால்டின் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது சட்டென்று ஆக்சிலேட்டரை விட்டால், வெளிப்பக்கப் பின் சக்கரம் உள்நோக்கி மடியும். வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஸ்பிட்ஃபயரிலேயே 1970-ல்தான் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இந்தக் குறையைக் குறைத்தார்கள். இப்படிப்பட்ட வண்டிக்கு வேகத்தைக் கூட்டி, பழைய டிரம் பிரேக்கோடு விட்டால் என்ன ஆகும்? நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஆகவே பட்டியல் தலைகீழானது. முதலில் பிரேக் சிலிண்டர், வாஷர், ஹோஸ். அடுத்து பெட்ரோல் டியூப். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் ஊறி உப்பிப் போகும். அதைத் தாங்கும் டியூப்பைப் புதுப்பேட்டையில் அலைந்து வாங்கி வந்தேன். இன்ஜின் ஹெட் லேத் பட்டறைக்குப் போனது. அந்தக் கால இன்ஜின்களில் பெட்ரோலில் இருந்த ஈயம்தான் வால்வ் உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது. 2000 பிப்ரவரி முதல் நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல் வந்துவிட்டது. அதனால் கடினமான வால்வ் சீட் போட்டோம். இரட்டைக் கார்ப்பரேட்டர் பட்டியலில் கடைசிக்குப் போனது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை அப்பா வெளி வேலைக்குப் போயிருந்தார். மறுநாள் காலை பெரியவர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு மகாபலிபுரம் போவதாக இருந்தது. முன் சக்கரங்களுக்குப் பின்னால் நிப்பிள் இருப்பதைப் பார்த்தேன். நிப்பிள் இருந்தால் கிரீஸ்தானே? கிரீஸ் கன்னை எடுத்து இரண்டு பக்கமும் வழிய வழிய அடித்துவிட்டேன். வேலை முடிந்த திருப்தி!

ராத்திரி அப்பா வந்தார். குனிந்து பார்த்தார். விரலால் வழித்து மோந்து பார்த்தார்.

"இதுக்கு என்னடா போட்டே?"

"கிரீஸ்ப்பா. நிப்பிள் இருக்கே."

"இதுக்குத் தொண்ணூறு ஆயில்தான் ஊத்தணும். கிரீஸ் ஆகாது. கழட்டு."

"பாடத்துல அப்படி இல்லப்பா. முன்னாடி சஸ்பென்ஷனுக்கு கிரீஸ்னுதான் நோட்ஸ்ல இருக்கு. உங்களுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி இரண்டு சொற்களை நான் சொல்லியிருக்கக் கூடாது. அப்பா ஒன்றும் பேசவில்லை. ஜாக்கியை எடுத்து வண்டிக்கு அடியில் தள்ளினார்.

இரண்டு பக்கமும் கழற்றினோம். கீழே வெண்கலத்தில் ஒரு கட்டை. அதற்கு டிரன்னியன் என்று பெயர். சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டு அதற்குள் மரையோடு இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை. ஆயில் என்றால் மரைக்குள் ஓடி இறங்கும். கிரீஸ் இறங்காது, வாயிலேயே நின்று கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். உள்ளே தண்ணீர் புகுந்து இரும்பு துருப்பிடிக்கும், பிடித்துக்கொள்ளும், ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் அப்படியே மடங்கிவிடும்.

மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா சொன்னார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, மேஸ்திரியோடு போய், பெருங்களத்தூர் கேட் பக்கத்தில் சக்கரம் மடங்கிக் கிடந்த ஒரு ஹெரால்டை இழுத்து வந்தாராம். மேஸ்திரி முறிந்த தண்டை அவர் கையில் கொடுத்து, "இதை மறக்காதே" என்றாராம்.

"அதான்டா எனக்குத் தெரியும்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வலது பக்கத் தண்டின் மரையில் துருப்பிடித்த பள்ளம் இருந்தது. அது நான் அடித்த கிரீஸால் வந்ததல்ல, பழைய துரு. ஆனால் கழற்றாமல் விட்டிருந்தால் அந்த வண்டிதான் மறுநாள் ஒரு குழந்தையை ஏற்றிக்கொண்டு போயிருக்கும். நினைத்தால் இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

"நாளைக்கு வண்டி வராதுன்னு சார்கிட்ட நீயே சொல்லு. ஏன்னும் சொல்லு" என்றார் அப்பா. சொன்னேன். பெரியவர் திட்டவில்லை. உள்ளே போய், மஞ்சளேறிய ஒரு கையேட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். ஷெட்டுக்கு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்து புரட்டினேன். அந்த இடத்துக்குக் கியர் ஆயில்தான் என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சாகியிருந்தது. தமிழில் சொன்னேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு, "இது புக்லயே இருக்கா?" என்று கேட்டார். இத்தனை வருஷமாகத் தன் கைக்கு மட்டும் தெரிந்தது ஒரு புத்தகத்துக்கும் தெரிந்திருக்கிறது என்பதில் அவருக்கு அத்தனை ஆச்சரியம். "மேல படி" என்றார். அன்று ராத்திரி பதினோரு மணி வரை படித்தேன்.

அதில் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு என்று இருந்தது. அப்பா பாயிண்டுக்குள் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகித்தான் இடைவெளி வைப்பார். கஸ்டமர்கள் கொடுத்த கார்டு. அதில் இருக்கும் பேரை அவரால் படிக்க முடியாது. நான் அந்தக் கார்டைக் காலேஜ் லேபுக்கு எடுத்துப் போய் மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 0.38 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள் நண்பர்களே, ஆயிரத்தில் சரியாக 15!

அதற்காகப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. டைனமோவை எடுத்துவிட்டு மாருதி ஆல்டர்னேட்டர் போடும்போது அப்பா நேராக ஒயரை இணைக்கப் போனார். நான்தான் தடுத்தேன். எங்க ஹெரால்டில் பாட்டரியின் பிளஸ் முனை பாடியோடு சேர்ந்திருந்தது. ஆல்டர்னேட்டருக்கு மைனஸ்தான் பாடியில் இருக்க வேண்டும். அப்படியே கொடுத்திருந்தால் உள்ளே இருக்கும் டயோடுகள் அந்த நிமிஷமே கருகியிருக்கும். பாட்டரியைத் திருப்பி, காயில் ஒயர்களையும் மாற்றிக் கொடுத்தேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அப்பா பெரியவரைப் பார்த்து, "பையன் படிக்கிறான் சார்" என்றார். எந்த செமஸ்டர் மார்க்கும் எனக்கு அந்த சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

புதுத் தண்டும் டிரன்னியனும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தன. ஸ்பிட்ஃபயருக்குச் செய்வதால் இன்றும் கிடைக்கின்றன. பெரியவர் பேத்தியோடு மகாபலிபுரம் போய் வந்தார். ஆயில் ஊற்றும் தேதியை ஷெட் சுவரில் நான் எழுதி வைக்கிறேன். அப்பா பார்த்துக் கேட்பார், நான் படித்துச் சொல்வேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். லீவில் வீட்டுக்குப் போகும்போது அப்பா, அம்மா கையில் இருக்கும் தொழிலைப் பற்றி ஒரே ஒரு கேள்வியாவது கேளுங்கள். பதில் நம்ம சிலபஸில் இல்லாமல் இருக்கலாம். கேட்டுவிட்டு, அதற்குக் காரணத்தைப் புத்தகத்தில் தேடுங்கள். ஒரு வண்டி நேராக ஓட இரண்டு பக்கச் சக்கரமும் வேண்டும் அல்லவா?

— இரண்டாம் ஆண்டு, ஆட்டோமொபைல்