36-ஆம் நம்பர் திருகாணி

"கிளவுஸ் போடாமல் தொடாதேங்கோ தம்பி" என்று என் கையைத் தட்டிவிட்டார் அக்கா.

பெர்ன் மாநிலத்தில் ஒரு மருத்துவமனை. அதன் நிலத்தடித் தளத்தில் அறுவைச் சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, கிருமி நீக்கி மேலே அனுப்பும் பகுதி. அக்காவுக்குச் சாவகச்சேரி, இங்கே வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் முன்னால் ஓர் எஃகுத் தட்டு. அதில் வரிசை வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒன்றாய்த் திருகாணிகள். 3.5 மில்லிமீட்டர் தடிமன். நீளம் மட்டும் இரண்டிரண்டு மில்லிமீட்டராகக் கூடிக்கொண்டே போகிறது. மேலே பாவித்தது போக எந்தத் துளை காலியாக இருக்கிறதோ அதை நிரப்ப வேண்டும். பிறகு 134 டிகிரி நீராவியில் 18 நிமிடம்.

"36 இல்லையெண்டா டொக்டர் 38 போடுவார். ரெண்டு மில்லிமீட்டர் வெளியில நீட்டிக்கொண்டு நிக்கும். தசை நார் அதில உரசும். பிறகு ஆர் பொறுப்பு?"

எலும்பு முறிவு மருத்துவத்தைப் பற்றி எழுத வந்தவன் கத்தி பிடிப்பவரிடமிருந்துதான் தொடங்கியிருக்க வேண்டும். ஆனால் இந்தத் தட்டைப் பார்த்த பிறகு, தொழிலின் பாதி ரகசியம் இங்கேதான் இருக்கிறது என்று தோன்றியது.

மேலே அவசரப் பிரிவில், முன்னிரவில் கொண்டுவந்த ஒருவர். போர்த்துக்கல் நாட்டவர், கட்டட வேலை. வீடு திரும்பும்போது அவர் ஓட்டிய கார் முன்னால் நின்ற வண்டியில் மோதிவிட்டது. வலது தொடை வீங்கி, கோணலாக இருந்தது. எலும்பு முறிந்திருக்கிறது என்று சொல்ல மருத்துவர் வேண்டியதில்லை. அங்கிருந்த அறுவைச் சிகிச்சை நிபுணரோ தொடையை விட்டுவிட்டு முதலில் மூச்சு, பிறகு இரத்த அழுத்தம், பிறகு வயிறு, இடுப்பு என்று பார்த்துக்கொண்டே போனார். தொடை எலும்பு ஒன்று முறிந்தாலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் உள்ளேயே கசிந்துவிடும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

அதன்பின் முழங்காலில் இருந்த சிறு சிராய்ப்பைக் காட்டி என்னிடம் கேட்டார்: "இது எப்படி வந்தது?"

டாஷ்போர்டில் இடித்திருக்கும் என்றேன்.

"அப்படியானால் அந்த இடி எங்கே போய் நின்றிருக்கும்?"

உட்கார்ந்த நிலையில் முழங்காலில் விழும் அடி தொடை எலும்பு வழியே நேராக இடுப்புக்குப் போகும். வழியில் முழங்கால் சில்லு விரிசல் விடலாம், உள்ளே பின்பக்கத் தசைநார் அறுந்துபோகலாம், தொடைத்தண்டு முறியலாம், இடுப்பு மூட்டு பின்பக்கமாக நழுவலாம். தொடைத்தண்டு முறிந்தவருக்கு அதே எலும்பின் கழுத்திலும் மயிரிழை விரிசல் இருந்து, பெரிய முறிவின் ஆர்ப்பாட்டத்தில் அது கண்ணில் படாமல் போவதுண்டு. அதனால் எக்ஸ்ரே எடுத்தால் இரண்டு கோணம். முறிவுக்கு மேலே ஒரு மூட்டு, கீழே ஒரு மூட்டு. இந்த விதியை மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இரவு மூன்று மணிக்கு அதை மறக்காமல் இருப்பதுதான் கெட்டிக்காரத்தனம். நல்லவேளையாக இவருக்கு இடுப்பு தப்பியிருந்தது.

திரையில் படத்துக்குக் கீழே 32-A3 என்று பதிந்தார்கள். 3 என்றால் தொடை எலும்பு. 2 என்றால் நடுத்தண்டு. A என்றால் இரண்டே துண்டு. அடுத்த 3, குறுக்காக முறிந்தது. கோயம்புத்தூரிலோ கொழும்பிலோ இருக்கும் எலும்பு மருத்துவரிடம் இந்த நான்கு எழுத்தைச் சொன்னால் போதும், படத்தைப் பார்க்காமலே மனத்தில் வரைந்துவிடுவார்.

இந்தக் குறியீட்டுக்கு விதை போட்டவர் மோரிஸ் முல்லர். 1918-இல் இதே மாநிலத்தின் பீல் நகரில் பிறந்தவர். அவர் தொழில் கற்ற காலத்தில் கால் முறிந்தால் மாவுக்கட்டு, இல்லாவிட்டால் எடையைத் தொங்கவிட்டு இழுத்துக் கட்டி வாரக்கணக்கில் படுக்கை. எலும்பு கூடிவிடும். அதற்குள் தசை சூம்பி, முட்டி மடங்காமல் இறுகிவிடும். பெல்ஜியத்தின் ரொபேர் டானிஸ் உலோகத் தகட்டால் முறிவை அழுத்திப் பிணைத்து, கட்டு இல்லாமலே நோயாளியை அசைய வைப்பதை 1950-இல் நேரில் பார்த்தார் முல்லர். எலும்பு கூடினால் மட்டும் போதாது, கை கால் வேலைக்கு ஆக வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1958 நவம்பர் 6 அன்று பீலில் பதின்மூன்று மருத்துவர்கள் கூடி ஒரு பணிக்குழுவைத் தொடங்கினார்கள். இன்று உலகம் ஏ.ஓ. என்று அழைப்பது அதைத்தான். மார்ட்டின் அல்கோவர், ஹான்ஸ் வில்லெனெகர், ரொபெர்ட் ஷ்னைடர் எல்லாரும் அதில் இருந்தவர்கள்.

ஆனால் கருவி? அதற்காக முல்லர் தேடிப் போனது பெட்லாக் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்த ரொபெர்ட் மாத்திஸிடம். பீலில் ரயிலேறினால் சோலோத்தூர்ன் போகும் வழியில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன கிரென்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கிறது அந்த ஊர். முல்லர் கேட்டதை மாத்திஸ் கடைந்து கொடுப்பார். அறுவை அரங்கில் சரிவராததைத் திருத்தித் தருவார். உலோகத்தின் குணத்தை ஆராய, கடிகார வில்லுக்கான கலப்பு உலோகத்தில் கைதேர்ந்த ஷ்ட்ராவுமன் நிறுவனம் வால்டன்பூர்கிலிருந்து சேர்ந்துகொண்டது. துளையிடும் அலகு, புரி வெட்டும் கருவி, ஆழம் அளக்கும் கோல், திருகாணி, திருப்புளி எல்லாம் ஒன்றுக்கொன்று அளவு பொருந்தி ஒரே பெட்டியில் வந்தன. அக்கா காலித் துளை பார்த்து நிரப்பும் தட்டு அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளை.

1960 டிசம்பரில் தாவோஸில் முதல் பயிற்சி வகுப்பு. காசநோய்க்காரர்களுக்குக் காற்றும் வெயிலும் கொடுத்துப் பிழைத்த மலையூருக்கு, தச்சர்போல எலும்பில் துளைபோட்டுப் பழக மருத்துவர்கள் வந்தார்கள். இப்போதும் டிசம்பர் வந்தால் பிளாஸ்டிக் எலும்புகளோடு கூடுகிறார்கள்.

இன்னொன்று, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுவது. அறுவை செய்த ஒவ்வொருவரின் எக்ஸ்ரேயும் நான்காம் மாதமும் ஓராண்டிலும் எடுத்துச் சேகரிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் தங்களுக்கே கட்டளை போட்டுக்கொண்டார்கள். தோற்றதும் அதில் பதிவாகும். தகடு வைக்கும் ஆர்வத்தில் சதையை அதிகம் உரித்தால் இரத்த ஓட்டம் கெட்டு எலும்பு கூடத் தாமதமாகிறது என்பது பிறகு தெரியவந்ததும், தகட்டின் வடிவத்தையே மாற்றினார்கள். முதல் தலைமுறை தன் வேலைமீது வைத்திருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம்தான்.

போர்த்துக்கல்காரருக்குத் தகடு வைக்கவில்லை. தொடைத்தண்டுக்கு இப்போது எலும்பின் நடுத்துவாரத்தில் நீளக் கம்பிதான். ஜெர்மனியின் கெர்ஹார்ட் குன்ஷர் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கொண்டுவந்த முறை. நோயாளியின் சம்மதத்தோடு அரங்கின் ஓரத்தில், ஈயக் கவசம் சுமந்து நின்றேன். கம்பி இறங்குவது எளிதாகவே இருந்தது. அதன் கீழ்முனையில் இருக்கும் துளைக்கு, வெளியே சதைக்கும் எலும்புக்கும் அப்பாலிருந்து குறிபார்த்துத் திருகாணி செலுத்துவதுதான் வித்தை. எக்ஸ்ரே கருவியைச் சிறிது சிறிதாகத் திருப்பினார்கள். திரையில் துளை முதலில் மாங்காய் வடிவில் தெரிந்தது. மெல்ல உருண்டு முழு வட்டமானதும் "நிறுத்துங்கள்" என்றார் நிபுணர். அலகின் நுனியை வட்டத்தின் நடுவில் வைத்து, நிமிர்த்தி, ஒரே மூச்சில் துளைத்தார். வட்டம் கொஞ்சம் நீண்டிருந்தாலும் அலகு கம்பியில் மோதி வழுக்கிவிடுமாம்.

மறுநாள் காலை இயன்முறை மருத்துவர் வந்து நோயாளியை ஊன்றுகோலோடு எழுப்பி நிற்க வைத்துவிட்டார். அவர் வலியில் முனகினாரே தவிர, சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1918-இல் இயங்கத் தொடங்கிய சுவா என்ற விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவர் பதிவாகியிருக்கிறார். வேலைக்கு வெளியே நடந்த விபத்தானாலும் சம்பளத்தில் 80 சதவீதம் வந்துகொண்டிருக்கும்.

"எங்கட ஊரில முறிவு நெரிவு வைத்தியரிட்டத்தான் கொண்டு போவினம்" என்றார் அக்கா, தேநீர் இடைவேளையில். "தடவிப் பாத்தே சொல்லிப்போடுவார். காசும் பெரிசா கேக்கமாட்டார்." சென்னைக்காரர்கள் ஆந்திராவிலுள்ள புத்தூருக்குக் கட்டுப் போடப் போவதைச் சொன்னேன். மூங்கில் பத்தை, முட்டை, பச்சிலை. அசையாமல் பிடித்தால் எலும்பு கூடும் என்பது அங்கேயும் தெரியும். நேராகக் கூடுமா, மூட்டு மடங்குமா என்பதில்தான் வழி பிரிகிறது.

நம்மிடம் தேர்ச்சிக்குக் குறைவில்லை. திறந்த காயத்தோடு நொறுங்கிய காலைக் காப்பாற்ற முடியுமா என்று கணிக்க, கோவை கங்கா மருத்துவமனையில் ராஜசேகரன் குழு வகுத்த மதிப்பெண் முறை வெளிநாடுகளிலும் அறியப்பட்டது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதற்குப் பிறகுள்ள மூன்று நான்கு மாதக் கூலியை நம் கொத்தனாருக்கு யார் கொடுப்பது? காலுக்குள் இருக்கும் கம்பி, எலும்பு கூடும்வரை பாரம் தாங்கத்தான். எலும்பு கூடாமலே திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றினால் உலோகமும் களைத்து முறியும். வீட்டில் அரிசி தீர்ந்தவர் ஆறாவது வாரமே சாரத்தில் ஏறிவிடுவார். அவருக்குள் போயிருப்பதும் இதே மாதிரித் திருகாணிதான்.