போடிமெட்டில் ஒரு வழிபாட்டு ஆண்டு

போடிநாயக்கனூரை விட்டு மேற்கே மலையேறும் சாலை, 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 4,500 அடி உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகின்றது. கீழே மாவும் புளியும் நிற்கும் வெப்பபூமி. மேலே ஏலமும் மிளகும் வளரும் குளிர்பூமி. இவ்விரண்டுக்கும் இடையே நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகள் ஏறுகின்றன. அவற்றில் நெருக்கிக்கொண்டு அமர்ந்திருப்போர், எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் நம் பெண்மக்கள்.

குருமடத்தில் வழிபாட்டு ஆண்டைப் பயின்ற நாள்களில், ஒரு வட்டம் வரைந்து அதற்கு ஊதா, வெள்ளை, சிவப்பு, பச்சை என வண்ணம் தீட்டினோம். திருவருகைக் காலம் நீண்ட இரவுகளின் காலம், உயிர்ப்பு விழா இளவேனிலின் விழா என்று பேராசிரியர் விளக்குவார். ஐரோப்பாவுக்கு அது பொருந்தலாம். இம்மலைக்குப் பொருந்துமா என்று அன்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பூப்பாறை வழியே சென்றால் மூணாறு. அங்கே ஆங்கிலிக்கன் திருச்சபையார் கட்டிய கிறிஸ்து நாதர் ஆலயம் உண்டு. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின் அதன் உடைமையாயிற்று. அவ்வாலயத்தின் வரலாறு விந்தையானது: முதலில் கல்லறை, பின்னரே ஆலயம். 1894 டிசம்பரில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சில நாள்களே இருக்கையில், தோட்ட மேலாளர் ஒருவரின் இளம் மனைவி எலினோர் இசபெல் மே வாந்திபேதியால் இறந்தார். அவரை அடக்கம் செய்த குன்றின் சரிவில்தான் 1911-ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று ஆலயம் திறக்கப்பட்டது. அக்கல்லறையின் அருகே நின்றபோது, அதே மலைகளில் காய்ச்சலிலும் பேதியிலும் மடிந்த தமிழ்க் கூலியாட்களுள் எத்தனை பேருக்குக் கல் நாட்டினார்கள் என்ற எண்ணமும் எழாமலில்லை.

ஆங்கிலிக்கன் வழிபாட்டு ஆண்டு பெரும்பாலும் நம்முடையதே. ஒரே வேரின் கிளை. ஆயினும் சில பழக்கங்களை அவர்கள் நம்மினும் கவனமாகக் காத்து வந்துள்ளனர். தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு நமக்கு மகிழ்ச்சி ஞாயிறு. இங்கிலாந்தில் அதுவே அன்னையர் ஞாயிறு. வேலைக்குப் போன பிள்ளைகள் தாய்வீடு திரும்பும் நாள். 2018-இல் அந்த ஞாயிறு மார்ச் 11 அன்று வந்தது. அன்றுதான் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிய மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெரும்பாலோர் இளைஞர். அந்நாளில் நான் வேறு பங்கில் இருந்தேன். காலையில் ரோசா நிற உடை அணிந்து மகிழ்ச்சியைப் பற்றி மறையுரை ஆற்றியவன், மறுநாள் தொலைக்காட்சியில் அந்தத் தாய்மாரின் முகங்களைக் கண்டேன். தவக்காலம் என்பது இம்மலையில் புல் காய்ந்து நெருப்புக்குக் காத்திருக்கும் காலம் என்பதை இங்கு வந்தபின் சரிவுகளைப் பார்த்தே உணர்ந்தேன்.

உயிர்ப்பு விழாவுக்குப் பின்னர் ஏலச்செடி கோடை மழையை எதிர்பார்க்கின்றது. அம்மழை பொய்த்தால் தூரிலிருந்து கிளம்பும் சரங்கள் வாடிவிடும். ஆண்டவரின் விண்ணேற்றத்துக்கு முந்திய மூன்று நாள்களை ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம் மன்றாட்டு நாள்கள் எனக் குறிக்கின்றது. பயிருக்காக வேண்டிக்கொண்டு வயல்களைச் சுற்றி வருவது அந்நாள்களின் பழைய வழக்கம். நம்மிடமும் இருந்ததே! 1969-இல் நாட்காட்டி சீரமைக்கப்பட்டபோது அவற்றின் நாளும் முறையும் அந்தந்த நாட்டு ஆயர்களிடம் விடப்பட, பல பங்குகளில் அவை மெல்ல மறைந்தன. ஏலம் வைத்திருப்போருக்கு அம்மன்றாட்டு தேவை என்பேன்.

தூய ஆவிப் பெருவிழாவை ஒட்டித் தென்மேற்குப் பருவம் தொடங்கும். அப்போது மெட்டில் நின்றால் கேரளப் பக்கத்திலிருந்து காற்று மேலாடையைப் பறிக்கும். மேகம் கணவாய் வழியே ஓடி வந்து, கீழே போடிச் சமவெளியை அடையுமுன் கரைந்துவிடும். மேலே நனைகிறோம், கீழே தெரு புழுதி பறக்கின்றது. பெருங்காற்றின் ஓசை என்று வேதம் கூறுவதை விளக்க எனக்கு வேறு உவமை வேண்டியதில்லை.

அதன்பின் நீண்ட பச்சைக் காலம். நாம் பொதுக்காலம் என்கிறோம். பழைய ஆங்கிலிக்கன் வழக்கில் மூவொரு இறைவன் விழாவுக்குப் பின்வரும் ஞாயிறுகளாக எண்ணுவர். ஏலத்தோட்டத்தில் இதுவே காய் எடுக்கும் காலம். முழுதும் பழுக்குமுன் காயைப் பறித்து, ஸ்டோரில் சூடேற்றிப் பச்சை நிறம் கெடாமல் உலர்த்த வேண்டும். ஐந்தாறு கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்காயாகும். (அதனைப் போடியில் ஏலத்தில் விற்பர். ஏலத்துக்கு ஏலம் என்று இவ்வூரார் நகைப்பதுண்டு.)

இங்கு வந்த முதல் ஆண்டில், ஆகஸ்டு முதல் ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் குறைந்தனர். நான் பீடத்தினின்று கடிந்துகொண்டேன். ஆண்டவரின் நாளைக் கூலிக்கு விற்பதாகக்கூடச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் ஒரு மூதாட்டி அறைவீட்டு வாசலில் நின்று, “சாமி, ஞாயிற்றுக்கிழமைன்னு காய் பழுக்காம நிக்குமா? அன்னைக்குப் போகலைன்னா திங்கக்கிழமை ஜீப்புல எனக்கு இடம் இல்ல” என்றார். கோபம் இல்லை, விளக்கம் மட்டுமே. எனக்கு மறுமொழி கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த ஜீப்பில் நானும் ஏறினேன். உட்கார இடமின்றிப் பின்கம்பியைப் பற்றி நின்றவர்களை எண்ணியபோது, பாதி எண்ணிக்கையில் நிறுத்திக்கொண்டேன்.

இப்போது காய் எடுப்பு முடியும்வரை சனிக்கிழமை மாலை 7 மணிக்கு ஞாயிறு திருப்பலி நிறைவேற்றுகிறோம். ஜீப்பு தாமதித்தால் மணியும் தாமதிக்கும். திருவருகைக் காலத்தில் வடகிழக்கு மழை பெய்து சாலையில் மண் சரிந்தால் யாரும் வருவதில்லை. அன்று உபதேசியாரும் நானும் விளக்கை ஏற்றி வைத்துக் கீழ்வளைவில் வண்டி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்போம்.