கிலோவுக்குக் கூலி, உருப்படிக்கு விலை

2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி முதல் இந்தியச் சரக்குகளின்மீது அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது, திருப்பூரைப் பற்றிய செய்திகள் பத்திரிகைகளில் தினந்தோறும் வெளிவந்தன; ஆயினும் அவற்றில் ஏற்றுமதிக் கோடிகளின் கணக்கு இருந்ததேயொழிய, அந்தச் சட்டைத் துணியைப் பின்னுகிறவர் எப்படி இருக்கிறார் என்பதைப் பற்றி ஒரு வரிகூட என் கண்ணில் படவில்லை. இதை நான் ஒரு சந்தர்ப்பத்தில் சொல்லப்போக, பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் என் நண்பர், நெருப்பெரிச்சலில் தங்களுக்கு நிட்டிங் ஓட்டித் தருகிறவர் ஒருவரிடம் என்னை அழைத்துப்போவதாகச் சொன்னார். புரட்டாசி வெயில் தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு முற்பகலில் நாங்கள் போனோம்.

நெருப்பெரிச்சல் தனி ஊராட்சியாக இருந்து 2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஊர். தகரக் கூரையிட்ட கொட்டகைகளும், தையல் மட்டும் செய்து கொடுக்கும் பவர் டேபிள் கூடங்களும், வட மாநிலத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளும் கலந்து கிடக்கும் தெருக்களின் வழியே போய், ஒரு கொட்டகையின் முன் நின்றோம்.

"வாங்க சார், உள்ளார வாங்க. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்குமுங்க" என்று வரவேற்றவருடைய புருவத்திலும் காதோர மயிரிலும் பஞ்சுத் தூசி படிந்திருந்தது. அவருடைய சொத்து இரண்டு வட்டப் பின்னல் இயந்திரங்கள். ஒவ்வொன்றும் 30 அங்குலக் குறுக்களவுள்ளது. அந்த வட்டத்தைச் சுற்றி இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊசிகள் ஏறியிறங்கி, மேலிருந்து வரும் நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்துக் குழாய் வடிவில் துணியாகக் கீழே இறக்குகின்றன. இத்தனை ஊசிகளுள் ஒன்றின் கொக்கி ஒடிந்தாலும் துணியின் நீளம் முழுவதும் ஒரு கோடு விழுந்துவிடும். அந்தக் கோட்டை அவர் இயந்திரம் ஓடும்போதே, அடியில் எரியும் குழல்விளக்கின் ஒளியில் கண்டுபிடித்து நிறுத்தியதை நான் பிரத்தியட்சமாகப் பார்த்தேன்.

அன்று ஓடிக்கொண்டிருந்தது அயல்நாட்டுக் கோடைக்கான துணி. ஐரோப்பியர் சித்திரை வைகாசியில் உடுத்தப்போகும் சட்டைகளுக்கு இங்கே புரட்டாசி ஐப்பசியிலேயே துணி ஓடத் தொடங்கிவிடுகிறது. சிங்கிள் ஜெர்சி என்று சொல்லப்படும் எளிய பின்னல், 30ஆம் நம்பர் பருத்தி நூல். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40ஆம் நம்பரில் பின்னினால் துணி இன்னும் லேசாகும்.

லேசு என்பதை இவர்கள் கையால் மதிப்பதில்லை. வட்டமான கைக்கருவி ஒன்றை அவர் எடுத்தார். ஜிஎஸ்எம் கட்டர் என்று அதற்குப் பெயர். துணியை ரப்பர் அட்டையின்மேல் விரித்து, கருவியை வைத்து அழுத்தி ஒரு திருகு திருகினார். சரியாக 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள துணிவட்டம் ஒன்று தனியே வந்தது. அதை நகைக்கடைத் தராசு போன்ற சிறிய தராசில் இட்டார். 1.24 கிராம். நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 124 கிராம். "இது கிரே துணிங்க. டையிங் போயி, காம்பாக்டிங் ஆயி வந்தா சுருங்கி நூத்தி நாப்பதுக்கு வந்துரும்" என்றார். கிரே என்பது சாயமேற்றாத துணி; காம்பாக்டிங் என்பது சாயமேறிய துணியை அழுத்திச் சுருக்கும் வேலை. சாயப்பட்டறைக்கு நான் போகவில்லை. 2011இல் உயர்நீதிமன்ற ஆணையால் பட்டறைகள் மூடப்பட்டதும், கழிவுநீரை வெளியேற்றாத முறை வந்தபின் திறக்கப்பட்டதுமான அந்த நொய்யல் ஆற்று விவகாரம் தனியே எழுதப்பட வேண்டியது.

நான் அங்கே கற்ற முக்கியமான விஷயம், எடை குறைந்த துணியெல்லாம் கோடைக்கு உகந்த துணி அல்ல என்பதே. எடையைக் குறைக்க இரு வழிகள் உண்டு: மெல்லிய நூலை வாங்கிக் கண்ணிகளை நெருக்கமாகப் பின்னுவது ஒன்று, அதே நூலில் கண்ணியை நீளமாக விட்டுத் தளர்த்திவிடுவது மற்றொன்று. பின்னதில் செலவு குறைவு. ஆனால் சலவை கண்டதும் அச்சட்டை தொய்ந்து, பக்கத் தையல் வயிற்றின்மேல் திரும்பி வந்து நிற்கும். நூலின் இயல்பும் பார்க்கத்தக்கது. பருத்தி சாதாரண நிலையிலேயே தன் எடையில் சுமார் 8.5 விழுக்காடு ஈரத்தைக் கிரகித்துக்கொள்ளும், பாலியஸ்டர் 0.4 விழுக்காட்டோடு நின்றுவிடும். ஓடி விளையாடி வியர்வையில் நனைகிறவருக்குப் பாலியஸ்டர் விரைவில் உலர்வது அனுகூலம்தான்; மற்றபடி பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கொங்குநாட்டிலும், காற்றே ஈரமாக நிற்கும் சென்னையிலும், நாள் முழுவதும் உடுத்தியிருக்கப் பருத்தியே சரீரத்துக்கு இதமானது என்பது என் அபிப்பிராயம். அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமை ஸ்தலமாக இருந்து கதர் நெய்வித்த திருப்பூர், பிற்பாடு பனியனுக்குப் பேர்பெற்றதில் ஆச்சரியம் ஏதுமில்லை.

கொட்டகைக்காரர் தேனிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்த ஆண்டு 1984, வயது பதினான்கு. தையல்காரருக்கு உதவியாகக் கைமடிக்கும் பையனாகச் சேர்ந்த சில வாரங்களில், பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர் நடத்திய 127 நாள் வேலைநிறுத்தம் தொடங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பப் பஸ் கட்டணம் இல்லாமல் டீக்கடையில் கிளாஸ் கழுவியதாகச் சொன்னார். பிறகு நிட்டிங் கற்று, முப்பது வருஷம் பிறர் இயந்திரத்தை ஓட்டி, மனைவியின் நகையை அடகு வைத்து இந்தப் பழைய இயந்திரங்களை வாங்கியிருக்கிறார்.

"கூலி எப்படி?" என்று கேட்டேன்.

"கிலோ கணக்குங்க. துணி லேசாக லேசாக, ஒரு கிலோ எறங்க மிஷின் ரொம்ப நேரம் ஓடோணும். கரண்டு ஓடுது, ஆளு நிக்கோணும். ரேட்டு ஏத்திக் கேட்டா, 'மெல்லிசுத் துணிதானே'ங்கறாங்க."

இந்த அநியாயத்தை வாசகர்கள் சற்று நின்று பார்க்க வேண்டும். 180 ஜிஎஸ்எம் துணி ஒரு கிலோவில் ஐந்தரைச் சதுர மீட்டர் கிடைக்கும். 140 ஜிஎஸ்எம்மில் ஏழு சதுர மீட்டருக்கு மேல் கிடைக்கும். துணி கிலோவில் வாங்கப்படுகிறது, சட்டையோ உருப்படியாக விற்கப்படுகிறது. ஆகவே துணி மெலிவதால் வரும் மிச்சம், மெல்லிய நூலின் அதிக விலை போக, நடுவில் நிற்கும் ஏஜெண்டுக்கும் பையிங் ஹவுஸுக்கும் கடைக்கும் போய்ச் சேர்கிறது. அதை மெலியவைத்த உழைப்புக்கு மட்டும் எடைக்கல் வைக்கப்படுகிறது. அந்தக் கூலியும் கையில் வந்து சேர மூன்று மாதமாகிறது. சிறு தொழில் செய்வோருக்கு 45 நாட்களுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "கேஸ் போட்டா அடுத்த ரோல் யாருங்க குடுப்பாங்க?" என்றார் அவர். வரி ஏறினால் விலையைக் குறைக்கச் சொல்லும் கடிதம் கடல் கடந்து வந்து, ஒவ்வொரு படியிலும் கீழே தள்ளப்பட்டு, கடைசியில் இந்தக் கொட்டகையில்தான் வந்து நிற்கிறது. இவருக்குக் கீழே தள்ளிவிட வேறு ஆள் இல்லை.

வருகிற கோடைக்குச் சட்டை வாங்கப் போகும்போது, துணியை வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணி சீராக இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே இழுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறதா என்று பாருங்கள். உடலோடு ஒட்டாத அளவில், வெளிர் நிறத்தில் எடுங்கள். நூல் நம்பர் என்ன, ஜிஎஸ்எம் என்ன என்று கடைக்காரரைத் தயங்காமல் கேளுங்கள். மெல்லிய நூலில் நெருக்கிப் பின்னிய 140 ஜிஎஸ்எம் பருத்திச் சட்டையைக் கையில் எடுத்துவிட்டு, லேசாக இருக்கிறதே என்று தயவுசெய்து விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள்.